லிம்மாற் வீதிப் பழைய ஆலையில் ஒரு தமிழரின் படைப்பு



சூரிச் நகரின் லிம்மாற் வீதியிலிருந்த லொவன்பிறோய் பியர் ஆலை, 1996 முதல் சமகாலக் கலையின் இல்லமாக விளங்குகிறது. மிக்றோஸ் நிறுவனத்தின் கலைக்கூடமும் குன்ஸ்தாலே சூரிச் காட்சிக்கூடமும் அங்கேதான் அமைந்தன. கிழமைதோறும் மிக்றோஸில் பொருள் வாங்கும் தமிழரிற் பலர், அதன் விற்பனையில் ஒரு பங்கு 1957 முதல் பண்பாட்டுப் பணிகளுக்குச் செல்வதை அறியார். அக்கூடத்துக்கு அவர்களும் பணம் கொடுத்தவர்களே!

2023இல் குன்ஸ்தாலேயில் கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸின் கண்காட்சி நடைபெற்றது. ஈழத்தில் ஒடுக்குமுறை பெருகியபோது வெளியேறிய தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை அவர். 1979இல் இலண்டனில் பிறந்தவர். 2009இல் போர் முடிந்தபின் கொழும்பில் கலைச்சந்தை செழித்தது. அங்கு விற்கப்பட்ட படைப்புகளை வாங்கி, மேற்குலக இரசனைக்கேற்ப மாற்றியமைத்து, தம் படைப்பாகக் காட்சிக்கு வைத்தார். யாருடைய அழிவின் மேல் அச்சந்தை எழுந்தது என்ற கேள்வி அவற்றினுள்ளே இருக்கிறது. அனிக்கா கூல்மனுடன் இணைந்து 2019இல் உருவாக்கிய 'பீயிங் ஹியூமன்' காணொளியிலோ, தமிழீழத்தின் கதைக்கு நடுவே கணினி புனைந்த பிரபல பாடகியின் முகம் தோன்றிப் பேசுகிறது.

எது மெய், எது புனைவு? கணினியின் வித்தையை மகள் உடனே கண்டுகொள்வாள். சுவரிலுள்ள யேர்மன் குறிப்பையும் வாசிப்பாள். அந்த நிலத்தையும் அந்த ஆண்டுகளையும் அறிந்தவர் தந்தை. தனித்தனியே சென்றால் இருவரும் பாதியோடுதான் திரும்புவர். இத்தகைய கூடத்தில் நின்று "விளங்கவில்லை" என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டியதில்லை. சுவிஸ் மக்கள் பலரும் அங்கே அதைத்தான் சொல்கின்றனர்.