யூதர்கள் எல்லோருக்கும் ஒரே குரலா?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் பேசப் போறது யூதர்களைப் பற்றி. பாலஸ்தீனியர்களுக்கு இழைக்கப்படும் அநீதியை யூதர்களாக இருந்துகொண்டே எதிர்த்தவர்களைப் பற்றி. இது எதுக்குன்னு கேட்கலாம். நம்ம கூட்டங்களிலேயே ‘யூதன்னாலே இப்படித்தான்’ என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிறப்பை வைத்து ஒரு மக்களுக்கே தீர்ப்புச் சொல்வது எங்கிருந்து வருகிற புத்தி என்று நமக்குத் தெரியும். இஸ்ரேல் அரசு தன்னை எல்லா யூதர்களின் பிரதிநிதியாகக் காட்டிக்கொள்கிறது. நாமும் அதையே சொன்னால் அந்த அரசின் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறோம்.

இந்த எதிர்ப்பு நேத்து முளைச்சது இல்லை. 1891-இல் அஹத் ஹாஅம் என்ற யூத எழுத்தாளர் பாலஸ்தீனம் போய் வந்தார். அவரும் சியோனிசவாதிதான். அந்த நாடு சும்மா தரிசாகக் கிடக்கிறது என்று ஐரோப்பாவில் சொல்வது உண்மையில்லை, பயிரிடாத நல்ல நிலம் அங்கே கிடைப்பதே அரிது என்று எழுதினார். குடியேறிய யூதர்கள் அரபு மக்களைக் கொடுமையாக நடத்துவதையும் அவர் மறைக்கவில்லை. 1925-இல் எருசலேமில் பிரித் ஷலோம் என்ற சிறு அமைப்பு தோன்றியது. இரண்டு மக்களும் சம உரிமையோடு வாழும் ஒரே அரசு வேண்டும் என்றது. மார்ட்டின் பூபர் போன்ற சிந்தனையாளர்கள் அதன் பக்கம் நின்றார்கள். அந்தக் குரல் எடுபடவில்லை.

அப்புறம் ஹிட்லர். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் இஸ்ரேல் உருவானதைப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் குற்றம் செய்தது ஐரோப்பா. விலை கொடுத்தது பாலஸ்தீனியர்கள். 1948-இல் ஏழு லட்சம் பேர் வீடு வாசல் இழந்து அகதிகளானார்கள். அந்த ஏப்ரலில் தெய்ர் யாசீன் கிராமத்தில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். டிசம்பரில் ஐன்ஸ்டீன், ஹன்னா அரெண்ட் முதலிய யூதர்கள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தப் படுகொலையைச் சுட்டிக்காட்டி, மெனாகெம் பெகினின் கட்சி நாஜி, பாசிசக் கட்சிகளை ஒத்தது என்று எச்சரித்தார்கள். இவர்கள் இருவருமே 1933-இல் நாஜிகளால் ஜெர்மனியை இழந்தவர்கள். அந்த பெகின்தான் 1977-இல் பிரதமரானார்.

எப்படி ஆனார்? இங்கேதான் நாம கவனமாப் பார்க்கணும். மொராக்கோ, ஈராக், ஏமன் போன்ற நாடுகளிலிருந்து வந்த யூதர்களை மிஸ்ராஹிகள் என்கிறார்கள். ஆட்சியிலிருந்த ஐரோப்பிய யூதர்கள் இவர்களை நாகரிகமற்றவர்களாகவே பார்த்தார்கள். தற்காலிக முகாம்களிலும் எல்லையோரங்களிலும் குடிவைத்தார்கள். எருசலேமின் முஸ்ராரா, 1948 வரை அரபு மக்கள் வாழ்ந்த பகுதி. அவர்கள் இழந்த வீடுகளில் வட ஆப்பிரிக்க யூதர்கள் குடியேற்றப்பட்டார்கள். துரத்தப்பட்டவன் வீட்டில் ஒதுக்கப்பட்டவன். அந்தத் தெருக்களிலிருந்துதான் 1971-இல் இஸ்ரேலியக் கருஞ்சிறுத்தைகள் கிளம்பினார்கள். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களிடமிருந்து எடுத்த பெயர். அடுத்த ஆண்டு பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்ததும் அங்கிருந்துதான். பிரதமர் கோல்டா மேயர் இந்த இளைஞர்களைச் சந்தித்துவிட்டு, இவர்கள் நல்ல பிள்ளைகள் இல்லை என்றார்.

கருஞ்சிறுத்தைகளில் ஒருவரான சார்லி பிட்டன், யூதர்களும் அரபுகளும் சேர்ந்த ஹதாஷ் முன்னணி சார்பில் 1977-இல் நாடாளுமன்றம் போனார். ஆனால் அதே தேர்தலில் மிஸ்ராஹிகள் ஏராளமானோர் பெகினுக்கு ஓட்டுப் போட்டார்கள். தங்களை அவமானப்படுத்திய தொழிற்கட்சிக்குப் பாடம் புகட்டினார்கள். அந்த அடி போய் விழுந்தது பாலஸ்தீனியர்கள் மேல். மேலே இருக்கிறவன் சமத்துவம் தரமாட்டான், அதுக்குப் பதிலா மிதிக்கிறதுக்குக் கீழே ஒருத்தனைக் காட்டுவான். இந்தத் தந்திரத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஃபெலிசியா லாங்கர் என்ற வழக்கறிஞரின் பெயரை நீங்கள் தெரிஞ்சுக்கணும். போலந்தில் பிறந்த யூதப் பெண். கணவர் நாஜி முகாம்களில் உயிர் பிழைத்தவர். 1967 ஆக்கிரமிப்புக்குப் பிறகு, பாலஸ்தீனக் கைதிகளுக்காக இராணுவ நீதிமன்றங்களில் இருபது வருஷத்துக்கு மேல் வாதாடினார். நீதியே இல்லாத இடத்துக்கு நீதிமன்றம் என்ற திரையாக இருக்க மாட்டேன் என்று 1990-இல் அலுவலகத்தை மூடினார்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். காசா நோயாளிகளை இஸ்ரேல் மருத்துவமனைகளுக்குக் காரில் அழைத்துப்போய் உதவிய சமாதானப் போராளி விவியன் சில்வரும் அவர்களில் ஒருவர். இந்தக் கொலைகளை விடுதலை என்று சொல்ல நான் தயாராக இல்லை. அதன் பிறகு இஸ்ரேல் நடத்திய போரில், காசா சுகாதார அமைச்சகக் கணக்கின்படி 2025 நடுவுக்குள்ளேயே ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். போர் தொடங்கிய அதே அக்டோபரில் அமெரிக்க யூதர்கள், எங்கள் பெயரால் செய்யாதே என்று வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் உட்கார்ந்து மறியல் செய்து கைதானார்கள். 2025 ஜூலையில் பெத்செலெம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பே இதை இனப்படுகொலை என்று அறிவித்தது. சொந்த நாட்டில் துரோகி என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு சொன்னார்கள்.

‘இனி ஒருபோதும் நடக்கக் கூடாது’ என்பது யூத மக்கள் நெருப்பிலிருந்து எடுத்துவந்த வார்த்தை. எங்களுக்கு நடக்கக் கூடாது என்று ஒரு பிரிவு படித்தது. எவருக்கும் நடக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவு படித்தது. பட்ட காயம் ஒன்றுதான், எடுத்துக்கொண்ட பாடம் இரண்டு. அடிபட்டவன் தானாகவே நியாயவான் ஆகிவிடுவதில்லை. அதை அவன் தேர்ந்தெடுக்கணும். இது அவர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை, நமக்கும்தான்.

சுவரொட்டி எழுதப்போகிற தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ‘இஸ்ரேல் அரசு’ என்று எழுதுங்கள், ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதுங்கள். ‘யூதன்’ என்று எழுதாதீர்கள். இத்தனை காலமா நமக்காகவும் அந்தச் சண்டையைப் போட்டவர்களில் யூதர்கள் இருக்கிறார்கள்.