மலைமுகட்டுப் பாசறை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஒன்றுகூடல்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். இலக்கியக் கூட்டங்களைப் பற்றி எனக்கு முன் பேசியோர் நிறையவே கூறிவிட்டனர். எனவே, இலக்கியத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு கூட்டத்தை உங்கள்முன் வைக்க எண்ணுகிறேன். ஆஸ்திரேலிய நாட்டில், ஒரு மலையின் முகட்டில், கார்ப் பந்தயம் பார்ப்பதற்காக ஆண்டுக்கு ஒருமுறை கூடி, சில நாள்கள் தங்கிக் கலையும் மக்கள் கூட்டம் அது. தமிழாசிரியைக்குக் கார்ப் பந்தயத்தில் என்ன வேலை என்று நீங்கள் நகைப்பது தெரிகிறது. பந்தயத்தைப் பற்றி நான் அறிந்தது சிறிதே. கூட்டத்தைப் பற்றியே பேச வந்தேன்.

சிட்னி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் பாதர்ஸ்ட் என்னும் ஊர் உள்ளது. அதன் அருகில் உள்ள குன்று மவுண்ட் பனோரமா. அந்நிலத்தின் தொல்குடியினரான விராஜுரி மக்கள் அதற்கு இட்ட பெயர் வாலூ. குன்றைச் சுற்றி ஏறி இறங்கும் 6.213 கிலோமீட்டர்ச் சாலையே பந்தயத் தடம். 1938இல் திறக்கப்பட்ட இச்சாலை, பிற நாள்களில் எவரும் செல்லத்தக்க பொதுச்சாலை. அதன் ஓரத்தில் வீடுகள் உள்ளன; வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். அக்டோபர் மாதத்தில் சில நாள்கள் அதே சாலை அடைக்கப்பட்டு, கார்கள் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன. நாம் சாலையில் காணும் கார்களின் உருவத்தை ஒட்டி அமைந்த கார்களே இப்பந்தயத்தில் ஓடுகின்றன; டூரிங் கார் என்பர். 1963இல் இம்மலைக்கு வந்த இப்போட்டி, 1973 முதல் ஆயிரம் கிலோமீட்டர்ப் போட்டியாயிற்று. 161 சுற்றுகள் ஓட வேண்டும்.

மலையுச்சியில் மெக்ஃபிலமி பார்க் என்னும் புல்வெளி உண்டு. கூட்டம் குடியேறுவது அங்கேதான். காருக்குப் பின்னால் கோத்து இழுத்து வரும் சக்கர வீடுகளை, அதாவது கேரவன்களை, வரிசையாக நிறுத்துகிறார்கள். கேரவனின் பக்கவாட்டில் துணிக்கூரை இழுத்துக் கட்டினால் அது திண்ணை. விறகு, பனிக்கட்டிப் பெட்டி, பழைய சோபா, இரும்புக் குழாய்களை முடுக்கிச் சாரம் போல் எழுப்பிய பார்வை மேடை என ஓர் ஊருக்கு வேண்டியவை யாவும் ஓரிரு நாள்களில் எழுந்துவிடுகின்றன. தந்தை நின்ற இடத்தில் மகன் கேரவனை நிறுத்தும் குடும்பங்களும் உண்டு.

நமக்கு இத்தகைய காட்சி புதிதன்று. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்டது. அந்தச் சிறு பாட்டில் காட்டை அழித்து, முள்ளால் வேலியிட்டு, தெருக்கள் வகுத்த பாசறை ஒன்று எழுகிறது. வடமொழி பயிலும் யானைப் பாகர், நாழிகை அறிவிப்போர், கச்சில் வாள் செருகி விளக்கேற்றும் மகளிர் என்று அதன் குடிமக்களை எல்லாம் புலவர் காட்டுகிறார். போரைச் சொல்ல வந்த இடத்தில் கூடாரத்தைச் சொன்ன அந்தப் பார்வையே என்னை மலைமேல் ஏற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புமையை இதற்குமேல் நீட்டிக்கமாட்டேன். அங்கே இல்லாள் வீட்டில் காத்திருக்கிறாள். இங்கே பாட்டி வரை எல்லோரும் கேரவனில் வந்துவிடுகிறார்கள்.

முன்னாளில் இம்மலையுச்சி முரடர்களின் இடமாகவே பெயர் பெற்றிருந்தது. பின்னர் மதுவுக்கு வரம்பு விதித்தனர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 24 டப்பா பீர் என்பது அவ்வரம்பு! வரம்பே இதுவானால், வரம்பில்லாத காலத்தை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். அதையும் மீறுவதற்காகச் சிலர் வாரங்களுக்கு முன்னரே வந்து மண்ணுக்குள் புதைத்து வைத்துவிட்டுப் போனதாகக் கதைகள் வழங்குகின்றன.

தடத்தின் ஓரத்தில் தங்குவோர் எதைப் பார்க்கிறார்கள்? பந்தயம் முழுவதையும் எவரும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு வளைவைத்தான் பார்க்கிறார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகிறது. நாம் விரும்பும் கார் நம் கண்ணெதிரே இருப்பது ஐந்து நொடி என்று கொண்டால், 161 சுற்றுக்கும் சேர்த்துப் பதின்மூன்றரை நிமிடம். ஆறு மணி நேரத்திற்கும் மேல் நீளும் போட்டியில் கண்ணுக்குக் கிடைப்பது அவ்வளவே. எஞ்சியதை வானொலி சொல்கிறது, அண்டை வீட்டார் சொல்கிறார்கள், காது சொல்கிறது. எஞ்சின் ஒலி குன்றின் மறுபுறம் தேய்ந்து, பின் கீழிருந்து ஏறி வருவதைக் கேட்டே எந்தக் கார் என்று அறிவோர் அங்குண்டு. வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவருக்கு இதனினும் தெளிவாகத் தெரியும். காருக்குள்ளிருந்தே படம்பிடித்து ஒளிபரப்பும் முறை இம்மலையில் 1979இலேயே வந்துவிட்டது. ஆயினும் மக்கள் குளிரில் வந்து படுக்கிறார்கள்.

இக்கூட்டம் நெடுங்காலமாக இரு குலங்களாகப் பிரிந்தே இருந்தது. ஒன்று ஹோல்டன், மற்றொன்று ஃபோர்டு. கொடி வேறு, சட்டை வேறு. 1980இல் ஃபோர்டு காரில் முன்னணியில் சென்ற டிக் ஜான்சன், தடத்தில் கிடந்த பாறை ஒன்றில் மோதி ஒதுங்க நேர்ந்தது. பார்வையாளர் இருந்த மேட்டிலிருந்து அது உருண்டதாகவே கூறப்படுகிறது. கடன்பட்டு வந்த அம்மனிதர் தொலைக்காட்சியில் உடைந்து பேசியதைக் கண்டு நாடெங்குமிருந்து மக்கள் பணம் அனுப்பினர். சேர்ந்த தொகைக்கு நிகரான தொகையை ஃபோர்டு நிறுவனமும் அளித்தது. அடுத்த ஆண்டே அவர் வென்றார். கூட்டம் இழைத்த கேட்டைக் கூட்டமே ஈடுசெய்தது என்று பாடலாம்.

ஆனால் 1992ஐயும் பாட வேண்டுமே. முன்னர் உலகப் பட்டம் பெற்றிருந்த டென்னி ஹியூம், அவ்வாண்டு கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் இறந்தார். பின்னர்ப் பெருமழையால் போட்டி நிறுத்தப்பட, ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் இருவரும் ஓட்டிய நிசான் கார் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஜப்பானியக் கார் வென்றதைப் பொறாத கூட்டம் மேடையை நோக்கி ஊளையிட்டது. தம் நாட்டவரும் நண்பருமான ஹியூமின் இறப்பைச் சற்றுமுன் அறிந்து வந்து நின்ற ரிச்சர்ட்ஸ், ஒலிவாங்கியில் அக்கூட்டத்தை முகத்துக்கு நேரே இகழ்ந்தார். அவர் இகழ்ந்தது சரியே என்பது என் கருத்து. தன் குலம் வெல்லாத நாளில் ஒரு கூட்டம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதும் அக்கூட்டத்தின் வரலாறுதான். கவியரங்குகளில் நாமும் இதைக் காணாதவர்கள் அல்லர்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்திற்கு வருகிறேன். ஹோல்டன் 1856இல் அடிலெய்டில் சேணக் கடையாகத் தோன்றிய நிறுவனம். 1948இல் தன் முதல் காரைத் தந்தது. 2017 அக்டோபரில் அதன் ஆஸ்திரேலியத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஃபோர்டு அதற்கு ஓராண்டு முன்பே மூடியிருந்தது. 2020இல் ஹோல்டன் என்னும் பெயரையே நீக்கப் போவதாக உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2022 அக்டோபர் போட்டியே அம்மலையில் ஹோல்டன் ஓடிய இறுதிப் போட்டி.

அந்த ஆண்டுதான், சிட்னியில் வாழும் என் அக்காள் குடும்பத்தாரோடு வாடகைக் கேரவனில் மூன்று இரவுகள் அங்கே தங்கினேன். ஓயாத மழை. சனிக்கிழமை நடக்கவிருந்த தகுதிச் சுற்றே கைவிடப்பட்டது. சேறு கணுக்காலைக் கடந்தது. "சித்தி, ஊருக்குத் திரும்பிவிடலாமா?" என்று அக்காள் மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். எங்கள் பக்கத்துக் கேரவனில் ஹோல்டன் கொடி கட்டிய முதியவர் ஒருவர். எதிரே ஃபோர்டு கொடி கட்டிய குடும்பம். சேற்றில் புதைந்த எங்கள் சக்கரத்தை இரு வீட்டாரும் சேர்ந்துதான் தள்ளினர். "அடுத்த ஆண்டு எந்தக் கொடி?" என்று முதியவரிடம் கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "இதே இடம்தான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஷேன் வான் கிஸ்பெர்கனும் கார்த் டாண்டரும் ஹோல்டனிலேயே வென்றார்கள். மலையுச்சியில் எழுந்த ஒலியை நான் இதற்குமுன் கேட்டதில்லை; பெரிய மனிதரின் இறுதி ஊர்வலத்து முழக்கம் போலிருந்தது. எதிர்வீட்டு ஃபோர்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். இல்லாமற் போகும் எதிரிக்கு எழுந்து நிற்பதற்கு என்ன பெயரிடுவது என்று இன்றுவரை தேடுகிறேன்.

2023 முதல் அங்கே செவ்ரலே கமாரோவும் ஃபோர்டு மஸ்டாங்கும் ஓடின. இரண்டும் அமெரிக்கப் பெயர்கள். கூட்டம் கலையவில்லை. முந்தைய கொடிகளும் இறங்கவில்லை.

பத்தாண்டுகளுக்கு முன் நாம் கூடியதற்குக் காரணமாயிருந்த பூசல்களை நினைத்துப் பாருங்கள். மரபா, புதுக்கவிதையா என்று நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு அமர்ந்தோம். அப்பூசல் இன்று எங்கே? நாற்காலிகள் மட்டும் இன்னும் அதே வரிசையில் இருக்கின்றன. இது வீண் பிடிவாதமா, உறவா என்பதை நான் துணிந்து கூறமாட்டேன்.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. அந்தப் புல்வெளி வெற்றிடமன்று. மெக்ஃபிலமி பார்க்கில் சிறு கார்களுக்கான கோ-கார்ட் தடம் அமைக்க நகரவை முனைந்தபோது, அது தம் முன்னோரின் புனித நிலம் என்று விராஜுரிப் பெரியோர் எதிர்த்தனர். 2021இல் கூட்டரசின் அமைச்சர் அந்த இடத்திற்குப் பாதுகாப்பு வழங்கித் திட்டத்தைத் தடுத்தார். "இதே இடம்தான்" என்று சொல்லும் உரிமை அந்த முதியவருக்கு முன்பே அங்கு வேறு பலருக்கு இருந்திருக்கிறது. அவர்களும் ஆண்டுதோறும் அம்மலையில் கூடியிருப்பார்கள். எதற்காகக் கூடினார்கள் என்பதை எங்கள் கேரவன் வரிசையில் எவரும் சொல்லக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் துணிக்கூரைகளை மடித்தார்கள். சாம்பலின்மேல் நீர் ஊற்றினார்கள். சேறு அப்பிய கேரவன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மிக மெதுவாக, மலையிலிருந்து இறங்கின.