வானம் தடுக்கவில்லை



போர்க்கள விமானிகளுக்குப் பதக்கம் சூட்டிப் பாராட்டும் விழா எந்த நாட்டில் நடந்தாலும் எழில்மிக்க காட்சிதான். முரசு முழங்கும், கொடி அசையும், அமைச்சர் பெருமக்கள் அணி அணியாக வந்தமர்வர், வீரன் மார்பிலே பதக்கம் மின்னும். குறை கூறவில்லை நான். உயிரைத் துச்சமென மதித்து உயரே பறந்தவனுக்கு ஊர்கூடி நன்றி சொல்வது நாகரிகத்தின் அடையாளம். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இன்று பதக்கம் சூட்டுகிற இதே கை, நேற்று அவனுக்குக் கதவைத் திறந்ததா? தாளிட்டதா?

ஒரு மனிதரின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். விடை அதிலேயே இருக்கிறது.

யூஜின் புல்லார்ட் என்று பெயர். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1895-இல் பிறந்தவர். கறுப்பர். அந்நாளில் அந்த மண்ணிலே கறுப்பர் என்றால் என்ன பொருள்? பள்ளி தனி, இரயில் பெட்டி தனி! பழி சுமத்தப்பட்டால் வழக்கு மன்றம்கூட வேண்டாம். மரக்கிளையும் கயிறும் போதும்! புல்லார்டின் தந்தையைத் தேடியே கொலைவெறிக் கும்பலொன்று வீட்டுக்கு வந்தது. பிரெஞ்சு நாட்டிலே நிறத்தை வைத்து மனிதரை நிறுப்பதில்லை என்று அந்தத் தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்தான் பிள்ளை. வீட்டை விட்டு வெளியேறினான். ஊர் ஊராக அலைந்தான். 1912-இல் ஜெர்மானியச் சரக்குக் கப்பலொன்றில் ஒளிந்துகொண்டு கடல் கடந்தான். குத்துச்சண்டை போட்டுப் பிழைத்தான், பாரிஸ் சேர்ந்தான்.

1914-இல் போர் மூண்டது. தமக்கு இடம் கொடுத்த நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தினார், பத்தொன்பது வயதுப் புல்லார்ட். 1916-இல், மண்ணும் மனிதரும் சேர்ந்து அரைபட்ட வெர்டன் களத்தில் தொடையிலே படுகாயம். பிரெஞ்சு அரசு போர்ச் சிலுவைப் பதக்கம் அளித்தது. இனிக் காலாட்படைக்கு ஆகாது இந்தக் கால் என்றனர் மருத்துவர். கால் ஆகாவிட்டால் என்ன, சிறகு இருக்கிறதே என்றது அவர் உள்ளம்! கறுப்பனாவது, விமானம் ஓட்டுவதாவது என்றானாம் நண்பன். இரண்டாயிரம் டாலர் பந்தயம் கட்டியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1917 மே திங்களில் விமானி உரிமம் அவர் கையில் இருந்தது. பந்தயப் பணமும் வந்து சேர்ந்தது!

விமானத்தில் ஏறிப் போர் செய்த முதல் அமெரிக்கக் கறுப்பர் அவர். இருபது முறைக்கு மேல் போர்முனைக்குப் பறந்தார். எதிரி விமானங்கள் இரண்டை வீழ்த்தியதாக அவர் சொன்னது ஏட்டிலே உறுதி செய்யப்படவில்லை. நாமும் அதைப் பெருக்கிப் பேச வேண்டியதில்லை. மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்த கூண்டு. குண்டு பட்டால் குதித்துத் தப்பப் பிரெஞ்சு விமானிக்குப் பாராசூட் இல்லாத காலம். அதில் ஏறி அமர்ந்ததே வீரம்! ஓடும் குருதி எல்லாம் சிவப்பே, இதுதான் அவர் விமானத்தில் எழுதியிருந்த வாசகம்.

அவ்வாண்டுதான் அமெரிக்காவும் போரில் இறங்கியது. பிரெஞ்சுப் படையில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானிகளை, வாருங்கள், அதிகாரிப் பதவி தருகிறோம் என்று அழைத்தது. புல்லார்டும் விண்ணப்பித்தார். மருத்துவச் சோதனையில் தேறினார். உடன் பறந்த வெள்ளையருக்கு ஓலை வந்தது, இவருக்கு வரவில்லை. காரணம் கேட்கிறீர்களா? கண்ணிலே குறையில்லை, கையிலே நடுக்கமில்லை, தோலிலே நிறம்! எதிரியின் குண்டுக்குத் தெரியாத வேற்றுமை, சொந்த நாட்டு அலுவலகத்துக்குத் தெரிந்தது.

அது முதல் போரின் கதை. இரண்டாம் போரில் திருந்தியிருப்பார்களே என்பீர்கள். 1941-இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் கறுப்பருக்கென்று பயிற்சி தொடங்கினார்கள், அதையும் தனியாக! அங்கே தேறிய விமானிகள் 992 பேர். 1945-இல் இந்தியானாவின் ஃப்ரீமன் தளத்தில், அதிகாரிகளுக்கான மனமகிழ் மன்றம் எங்களுக்கு மட்டும் ஏன் தனி என்று கேட்டு, அந்த ஆணையில் கையொப்பமிட மறுத்த கறுப்பு அதிகாரிகள் 101 பேரைக் கைது செய்தார்கள். பெர்லின் வரை பறக்கலாம். பக்கத்து அறையில் அமர்ந்து ஒரு குவளை அருந்தக் கூடாது! டஸ்கீகி விமானிகளுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் வழங்கியது 2007-இல். விழாவுக்கு வந்திருந்தவர் ஏறத்தாழ முந்நூறு பேர். பலர் அதற்குள் கல்லறைகளில்.

புல்லார்டுக்கு வருவோம். 1940-இல் நாஜிப் படை பிரெஞ்சு மண்ணில் புகுந்தபோது நாற்பத்து நான்கு வயதில் மீண்டும் துப்பாக்கி ஏந்தினார், மீண்டும் காயம்பட்டார், ஸ்பெயின் வழியாகத் தப்பிப் பிறந்த நாடு சேர்ந்தார். பிறந்த நாடு எப்படி வரவேற்றது? 1949-இல் பீக்ஸ்கில் நகருக்கு அருகே, கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் பாட வந்த நிகழ்ச்சியின்போது, கும்பலும் காவலரும் சேர்ந்து தரையில் தள்ளி அடித்தனர். புகைப்படம் இருக்கிறது. தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை!

1954-இல் பாரிஸ் அழைத்தது. பெயர் தெரியாப் போர்வீரன் கல்லறையில் அணையா விளக்கைத் தூண்டும் பெருமையை அளித்தது. 1959-இல் லெஜியன் ஆஃப் ஆனர் விருது. அந்த விருது பெற்ற வீரர் நியூயார்க்கில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா, தோழர்களே? ராக்ஃபெல்லர் மாளிகையிலே லிஃப்ட் ஓட்டினார்! விண்ணில் ஏறியவர், கனவான்களை மாடிக்கு மாடி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அதே கட்டடத்துத் தொலைக்காட்சி நிலையம் அவ்வாண்டு டிசம்பரில் அவரைப் பேட்டி காண அழைத்தபோது, லிஃப்ட் ஊழியர் சீருடையிலேயே போய் அமர்ந்தார். ஹார்லெமில் அவர் குடியிருந்த சிறிய அறையின் சுவரிலே பதினைந்து பதக்கங்கள் தொங்கின. அமெரிக்கா தந்தது அதில் ஒன்றுமில்லை.

1961 அக்டோபரில் மறைந்தார். 1994-இல், அவர் விண்ணப்பித்து எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, அமெரிக்க விமானப்படை அவருக்கு இரண்டாம் லெப்டினன்ட் பதவி அளித்து ஆணை பிறப்பித்தது. 2019-இல் ஜார்ஜியாவிலே சிலையும் வைத்தார்கள். ஆனால் நியூயார்க்கின் ஃபிளஷிங் இடுகாட்டில், பிரெஞ்சுப் போர்வீரர்களுக்கென ஒதுக்கிய பகுதியில் துயிலும் அவர் உடலின் மேல் இருப்பது, அன்று அவரை அடக்கம் செய்தபோது உடுத்திவிட்ட பிரெஞ்சு நாட்டுச் சீருடை.