அட்டவணையிடம் கேள்வி கேளுங்கள்



ஆய்வகச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்யும் பட்டியலாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தத் தனிமம் இந்தக் கட்டத்தில் ஏன் நிற்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் மனிதன் அணுவுக்குள்ளேயே நுழைந்தான்!

ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனக்கே உரிய எடை உண்டு என்றார் வேதியியலாளர் டால்டன். அவருடைய நூல் வெளிவந்தது 1808இல். 1869இல் ரஷ்யப் பேராசிரியர் மெண்டலீஃப், அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களையும் எடைப்படி வரிசைப்படுத்தினார். ஒரே விதமான குணங்கள் முறை வைத்துத் திரும்பத் திரும்ப வந்தன. குணம் பொருந்தாத இடத்தில் எதையும் திணிக்காமல் கட்டத்தைக் காலியாக விட்டார். அங்கே வரவேண்டியது எப்படி இருக்கும் என்றும் எழுதி வைத்தார். அலுமினியத்துக்குக் கீழே ஓர் உலோகம் வரும். அணு எடை சுமார் 68, அடர்த்தி 5.9.

1875இல் பிரான்சில் லெகாக் தெ புவாபோதிரான், துத்தநாகத் தாதுவின் நிறமாலையில் இரண்டு புதிய ஊதாக் கோடுகளைக் கண்டார். அதுதான் கேலியம். அடர்த்தியை 4.7 என்று அளந்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீஃப், தூய்மைப்படுத்தி மறுபடி அளக்கச் சொன்னார். அளந்தார்கள். வந்த விடை 5.9!

அதே மெண்டலீஃபுக்கு இன்னோர் இடத்தில் சிக்கல். டெலூரியம் அயோடினைவிடக் கனமானது. எடைப்படி அயோடின்தான் முன்னால் வரவேண்டும். ஆனால் அயோடினோ குணத்தால் குளோரின், புரோமின் குடும்பம். அவர் குணத்தை நம்பி டெலூரியத்தை முன்னால் வைத்தார். எடையை அளந்ததில்தான் பிழை என்றார். எடையில் பிழை இல்லை. 127.6, 126.9 என்பவை இன்றும் நிற்கும் எண்கள். அவர் வைத்த இடத்திலும் பிழை இல்லை. அப்படியானால் வரிசையைத் தீர்மானிப்பது எது?

1913இல் விடை வந்தது. மான்செஸ்டரில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹென்றி மோஸ்லே என்ற 25 வயது இளைஞர், ஒவ்வொரு தனிமமும் உமிழும் எக்ஸ் கதிரைப் படத்தகட்டில் பதிவு செய்தார். கால்சியம் தொடங்கித் துத்தநாகம் வரை கோடுகள் படிக்கட்டாக நகர்ந்தன. அதிர்வெண்ணின் வர்க்கமூலம் ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு ஏறியது. உட்கருவின் மின்சுமை ஒவ்வொன்றாகக் கூடுகிறது என்பதே அதன் பொருள். வரிசையை ஆள்வது எடையல்ல, இந்த மின்சுமையின் எண்ணிக்கையான அணு எண். டெலூரியம் 52, அயோடின் 53. சிக்கல் தீர்ந்தது. மோஸ்லேவும் 43, 61, 75 என்ற இடங்களைக் காலியாக விட்டார். மூன்றும் பிற்பாடு நிரம்பின. அதைக் காண அவர் இல்லை; 1915இல் கலிப்போலி போர்க்களத்தில் 27 வயதில் உயிரிழந்தார்.

ஒரே நெடுவரிசையில் நிற்கும் இரண்டு தனிமங்களைப் பாருங்கள். சோடியம் நீரில் சீறி ஓடுகிறது. பொட்டாசியம் ஊதாச் சுடரோடு பற்றியே எரிகிறது. ஏன்? பொட்டாசியத்தின் வெளி எலக்ட்ரான் சோடியத்தினுடையதைவிட உட்கருவிலிருந்து இன்னும் ஒரு கூடு தள்ளி இருக்கிறது, எளிதில் கழன்றுவிடுகிறது. இந்த ஒரு காரணம் புரிந்த பிள்ளைக்கு அந்த நெடுவரிசை முழுவதும் புரியும்.

ஆசிரியர்களே, மதிப்பெண்ணுக்கு முன்னால் இந்த ‘ஏன்’ வரட்டும். மாணவர்களே, விடை தெரியாத கட்டத்தைக் காலியாக விட வெட்கப்படாதீர்கள். அங்கே என்ன வரும் என்று கணித்து எழுதுங்கள். பிறகு அளந்து பாருங்கள். அறிவியல் வளர்ந்த வழி அதுதான்.