வில்லிசை நம்மைத் தேடி வந்த வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யாம் புலவரல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்திலே கோப்புகளோடு நாளைக் கழிக்கும் எழுத்தர். இசையின் நுணுக்கம் பேச எமக்குத் தகுதியில்லை. ஆயினும், பாட்டைக் கேட்டு மகிழும் உரிமை எழுத்தருக்கும் உண்டு அன்றோ? அந்த உரிமையைத் துணைக்கொண்டு ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேச விழைகின்றோம். ஒரு பாடகரை அவருடைய இரசிகர்கள் முதன்முதலிற் கண்டறிவது எவ்வாறு? அதிலும், பெரிய அரங்கும் விளம்பரமும் வாய்க்காத நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர் நம் செவிக்கு எவ்வழியாக வந்து சேருகின்றார்? வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் அவர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இங்கு அமர்ந்துள்ள சிறுவர் சிறுமியர்க்கு வில் என்றவுடன் இராமன் கையிலுள்ள வில்லே நினைவுக்கு வரும். யாம் கூறும் வில் அம்பு எய்வதன்று. அது பனைமரத்தின் வைரத்தால் இயன்றது, ஆளுயரத்தினும் நீண்டது. அதன் நாண் தோலால் முறுக்கப்பெற்றது. மணிகள் வரிசையாக அதிலே தொங்கும். அவ்வில்லை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவர். தலைமைப் பாடகர் இரு வீசுகோல்களால் நாணைத் தட்டுவார். ஒருவர் குடத்தின் வாயைப் பத்தையால் அடிப்பார். உடுக்கை ஒருவர்க்கு, தாளம் ஒருவர்க்கு, கட்டை ஒருவர்க்கு. தலைவர் கதையில் ஓர் அடி சொல்ல, அருகிலிருப்போர் 'ஆமாம்' என்று ஏற்றுக்கொள்வர். காப்பு, குருவணக்கம், அவையடக்கம் என்று படிப்படியாக ஏறி, கதைக்குட் புகுந்து, வாழ்த்தோடு பாட்டு நிறைவுறும். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் அம்மன் கோவிலிலும் சுடலைமாடன் கோவிலிலும் கொடை விழா என்றால், வில்லின்றி விழா சிறப்பதில்லை.

அவ்வூர்களிலே பிறந்தோரிடம், "வில்லுப்பாட்டை முதன்முதற் கேட்டது எப்போது?" என்று வினவினால் அவர் விழிப்பர். தாயின் மடியில் அரைத் தூக்கத்திலே கேட்டிருப்பர். நினைவு தோன்றுமுன்னரே செவியிற் புகுந்த ஓசை அது. குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மையார் என்னும் வில்லிசைக் கலைஞர், தாம் சிறுமியாக இருந்தபோது கோவில் விழா ஒன்றிலே பெண்கள் இருவர் வில்லடித்துப் பாடக் கண்டு, அதிலே மனம் பறிகொடுத்துத் தாமும் அக்கலையை மேற்கொண்டவர். அவர் வில்லைத் தேடிச் செல்லவில்லை. ஊரார் கூடி வரி பிரித்துக் கொடை நடத்தினர். வில் அவர் வீட்டு வாயிலுக்கே வந்தது.

ஆனால், தாமிரபரணியைக் கண்டறியாத தஞ்சைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் வில் எவ்வாறு அறிமுகமாயிற்று? இவ்விடத்திலேதான் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவர்களை நினைத்தல் வேண்டும். 1908-ஆம் ஆண்டிலே நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிற் பிறந்த அவர், இளமையில் வில்லுப்பாட்டிலே பழகியவர். நாடகத்திலும் திரைப்படத்திலும் புகழ் எய்திய பின்னரும் அவர் வில்லை மறந்தாரல்லர். காந்தியடிகளின் வரலாற்றை வில்லிலே ஏற்றி நகரத்து மேடைகளிலே பாடினார். கொத்தமங்கலம் சுப்பு அவர்களும் காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாகப் பாடி நாடெங்கும் பரப்பினார். கொடை விழாவிலே தெய்வக் கதை பாடிய வில், நாட்டுத் தலைவரின் கதையையும் பாடத் தொடங்கியது.

சுப்பு ஆறுமுகம் அவர்கள் 1928-ஆம் ஆண்டிலே திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்திற் பிறந்தவர். இளமையிலேயே பாட்டுப் புனையும் ஆற்றல் பெற்றிருந்த அவரைக் கண்டு, சென்னைக்கு அழைத்துச் சென்றவர் கலைவாணரே. அங்கே அவர் திரைப்படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். 1957-இல் கலைவாணர் மறைந்த பின்னரும் வில்லைக் கைவிடவில்லை. வானொலியிலும், பின்னர்த் தொலைக்காட்சியிலும், சபைகளிலும், கோவில்களிலும் பல்லாண்டுகள் பாடினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் மகளார் பாரதி திருமகன் அவர்கள் அப்பணியைத் தொடர்கின்றார்.

இவ்வுரைக்காக நம் சங்கத்து அன்பர்கள் சிலரிடம், "சுப்பு ஆறுமுகத்தை முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்?" என்று யாம் கேட்டு வந்தோம். விடைகள் சுவையானவை. மாதுங்காவிலே வாழும் தஞ்சாவூர்ப் பாட்டியார் ஒருவர், "வானொலியிலே செய்தி கேட்கத் திருப்பினேன், வில் வந்தது; சமையலை மறந்து நின்றேன்" என்றார். செம்பூரிலே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கலைவாணரின் படங்களைத் தேடிப் பார்த்த பழக்கத்தால் இவர் பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கூறினார். தாராவியிலே தையற்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, "எங்கள் ஊர்க் கொடையிலே வேறொருவர் பாடினார், அவரை விட்டு இவரைக் கேட்பதா என்று முதலிற் சண்டை போட்டேன். பிறகு இருவரையும் கேட்டேன்" என்றார். பொறியியல் படித்த இளைஞர் ஒருவரோ, "அவர் மறைந்த செய்தியைக் கைப்பேசியிற் படித்தேன், யார் இவர் என்று அன்றிரவே கேட்கத் தொடங்கினேன்" என்றார்.

எம்முடைய விடையையும் கூறிவிடுகின்றோம். எம் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர். ஆண்டுதோறும் கொடைக்கு ஊர்செல்ல விடுப்பும் கிடையாது, பொருளும் கிடையாது. ஆகவே வரிப்பணத்தை மட்டும் அனுப்புவார். ஊரிலுள்ள சிற்றப்பா, கொடையன்று இரவு ஒலிபெருக்கியின் அருகே நாடாப்பதிவுக் கருவியை வைத்து, பதிந்த ஒலிநாடாவை ஊரிலிருந்து வருவோர் கையிற் கொடுத்தனுப்புவார். அதிலே வெடியோசை கேட்கும், நாய் குரைக்கும், கதையின் நடுவே பாட்டை நிறுத்தி, பம்பாயிலிருந்து வரி அனுப்பியோர் பெயர்களை ஒருவர் வாசிப்பார். எம் தந்தையார் பெயரும் வரும். ஒற்றை அறையிலே நாங்கள் அனைவரும் அந்தப் பெயருக்காகவே காத்திருந்தோம். பெயர் எப்போது வருமென்று தெரியாதாகையால், கதை முழுவதையும் கேட்டாக வேண்டும். கேட்டுக் கேட்டு, பெயர் வந்து போன பின்னரும் நாடாவை நிறுத்த மனம் வரவில்லை. அவ்வாறு வில்லுக்கு ஆட்பட்ட செவி, பிற்காலத்தில் சுப்பு ஆறுமுகம் அவர்களின் குரலைத் தொலைக்காட்சியிலே கேட்டவுடன் இது நம்முடையது என்று அறிந்துகொண்டது.

இவ்விடைகள் அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். வில்லைத் தேடிப் போய்க் கண்டவர் மிகச் சிலர். பெரும்பாலோர் வேறு வேலையாக இருந்தபோது, வில் அவர் வழியிலே குறுக்கிட்டது. அவ்வாறு குறுக்கிட்டதும் தற்செயலன்று. யாரோ ஒருவர் அதனை அங்கே கொண்டுவந்து வைத்தார். ஊரார் கொடையாக வைத்தனர்; கலைவாணர் மேடையில் வைத்தார்; வானொலியார் செய்திக்கு அருகிலே வைத்தனர்; எம் சிற்றப்பா நாடாவிலே வைத்தார்.

அயல்நாட்டிலும் இதுவே நடைமுறை. கனடா நாட்டிலே லொரீனா மெக்கென்னிட் என்னும் பாடகியார், அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளின் கெல்டிக் நாட்டுப் பாடல்களை யாழ் போன்ற கருவியோடு பாடிப் புகழ் பெற்றவர். 1985-இல் தம் முதல் இசைத்தொகுப்பைத் தாமே வெளியிட்ட அவர், டொரொண்டோ நகரத்தின் தெருவோரத்திலே நின்று பாடி, ஒலிநாடாக்களைத் தாமே விற்றார். வழியே சென்றோர் நின்று கேட்டு இரசிகராயினர். நம் நாட்டிலே, கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார் இளமையில் ரயில் வண்டிகளிலே பாடியவர் என்பது எம்மைப் போன்ற ரயில்வே ஊழியர்க்குப் பெருமை தரும் செய்தி. இன்றும் நம் மின்சார ரயிலிலே மராட்டிய அன்பர்கள் தாளத்தோடு பஜனை பாடிச் செல்வதைக் கேளாதார் யார்? அலுவலகத்திற்குப் போகின்றவன் வேண்டிக் கேட்டதன்று. ஆயினும் சில நாளில் அவனும் தலையசைக்கின்றான்.

இனி நம் குடியிருப்பின் நிலையைக் காண்போம். கருநாடக இசைக்கு இங்கே குறைவில்லை. நமக்கு அருகிலேயே 1963-இல் எழுந்த ஷண்முகானந்த மண்டபம் இருக்கின்றது. பெற்றோர் கைபிடித்து அழைத்துச் செல்லும் குழந்தை, அங்கே ஒரு பெரும் பாடகரைக் கேட்டுவிட வழியுண்டு. திரைப்பாடலுக்கோ வழியே வேண்டா. அது சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். வில்லுக்கு என்ன வழி உண்டு? ஒலிநாடா மறைந்தது. ஊர்க் கொடை நடப்பது பள்ளித் தேர்வு நாளாகவோ விடுப்பில்லா நாளாகவோ அமைகின்றது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் யாம் இதே கேள்வியைக் கேட்டோம். அக்குழந்தை சற்றும் தயங்காமல், "மாமா, நம் சங்க விழாவிலே யாரும் பாடியதில்லையே, எங்கே கேட்பேன்?" என்றாள். அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. விடை கூற வேண்டியது இச்சபை.

"கைப்பேசியிலே எல்லாம் கிடைக்கின்றது, வேண்டுவோர் கேட்டுக்கொள்ளட்டும்" என்பார் உளர். மெய்தான், சுப்பு ஆறுமுகம் அவர்களின் பாட்டும் அதிலே கிடைக்கின்றது. ஆனால் பெயரை அறிந்தவன் அன்றோ பெயரைச் சொல்லித் தேடுவான்? பயணச்சீட்டு அறையிலே யாம் நாள்தோறும் காண்பதும் இதுவே. ஊர்ப்பெயர் சொன்னால் சீட்டுத் தருவோம். ஊர்ப்பெயரே அறியாதவனுக்கு எந்த ஊருக்குச் சீட்டுத் தருவது? முதற் கேள்வியை யாரேனும் ஏற்பாடு செய்தாக வேண்டும். மற்றவற்றை அவர்களே பார்த்துக்கொள்வர்.

காலம் தாழ்த்தவும் இயலாது. யாம் முன்னர்க் கூறிய பூங்கனி அம்மையார், பல ஊர்களிலே பாடியவர். முதுமையிலே தனிமையில், சிறு குடிலில் வாழ்ந்தார். அந்நிலையிலேதான் இதழ்கள் அவரைப் பற்றி எழுதின. புதிய இரசிகர்கள் அவரை நாடிச் சென்றனர். 2018-ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார். சுப்பு ஆறுமுகம் அவர்களையும் நம் இளைஞர் ஒருவர் இரங்கற் செய்தியின் வழியாகவே அறிந்தார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அவர் கேட்டது நன்றே. ஆயினும் எதிரே அமர்ந்து 'ஆமாம்' சொல்லும் பேறு அவருக்கு இல்லாமற் போயிற்று. இன்று வில்லடிக்கும் கலைஞர்கள் நெல்லையிலும் குமரியிலும் பலர் வாழ்கின்றனர். அவர்களையாவது அவர்கள் வாழும் நாளிலே நம் பிள்ளைகள் கேட்க வேண்டாமா?

ஆகவே, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவிலே இரண்டு மணி நேரம் வில்லுக்கு ஒதுக்குக. ஊரிலே இரவெல்லாம் பாடுவர்; இங்கே இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. ஆதலால் மாலை ஆறரை மணிக்கே தொடங்கி, ஒரு கதையைச் சுருக்கிப் பாடுமாறு கலைஞரை வேண்டிக்கொள்ளலாம். நாகர்கோவிலிலிருந்து நம் நகருக்கு நேர்வண்டி உண்டு. ஒன்றரை நாட் பயணம். முன்பதிவு தொடங்கும் நாளிலேயே இடம் பதிந்துவிடும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம். குடம் வழியிலே உடைந்துவிடுமே என்று அஞ்ச வேண்டா. நம் தாராவியிலே கும்பார்வாடா இருக்கின்றது. குஜராத்திலிருந்து வந்து தலைமுறைகளாக மண் வனையும் அக்குயவர், கலைஞர் விரும்பும் அளவிலே குடம் செய்து தருவர். நெல்லை வில்லுக்கு அவர்கள் வனைந்த குடம் அமைவது இந்நகரத்திற்கே உரிய அழகன்றோ!

பொருட்செலவு எவ்வாறு என்பீர்கள். ஊர்க் கொடைக்கு நம் தந்தையர் எவ்வாறு அனுப்பினார்களோ அவ்வாறே. குடும்பத்திற்கு ஒரு சிறு வரி. கொடுத்தோர் பெயர்களைக் கதையின் நடுவே வாசிப்போம். பெயருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் பாட்டையும் கேட்பார்கள்.

மேலும் ஒன்று. விழாவுக்கு முன், நம் பிள்ளைகளில் ஐவரையோ அறுவரையோ தேர்ந்து, பக்கப்பாட்டுப் பாடவும் 'ஆமாம்' சொல்லவும் பழக்குவோம். தமிழ் எழுத்து அறியாத பிள்ளையும் அவ்வொரு சொல்லைத் தக்க இடத்திலே சொல்ல வேண்டுமானால், கதையைக் கூர்ந்து கேட்டே ஆக வேண்டும்.

நம் பெற்றோர் வறுமையிலும் நமக்கு ஒரு குரலைக் கொண்டுவந்து சேர்த்தனர். நம் பிள்ளைகளுக்கு அதனைக் கொண்டுசேர்க்கும் முறை இப்போது நம்முடையது. அடுத்த ஆண்டு இம்மேடையிலே எம் பேச்சுக்கு இடம் வேண்டா. அந்த நேரத்தையும் வில்லுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!