முதுகில் இருபது கிலோ: ஸ்ப்ரேயர் மாட்டும் முன் கேளுங்க

(வெள்ள நிவாரணத் தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் தூய்மைப் பணியாளர் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்கு மேடைப் பேச்சு வராது. முதுகுல மாட்டுற ஸ்ப்ரேயரைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க, அதை மட்டும் சொல்றேன்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிஞ்ச பிறகு, சென்னையில தெருத்தெருவா பிளீச்சிங் தண்ணி அடிச்சவ நான். டேங்க் 16 லிட்டர். தண்ணி மட்டுமே 16 கிலோ, மிஷினும் சேர்ந்தா இருபது கிலோ பக்கம் வந்துடும். அதை ஒரு தோள்ல தொங்கவிட்டுக்கிட்டு நடந்தேன். மூணாவது நாள் கையைத் தூக்கித் தலை சீவ முடியல.

ரெண்டு பட்டையையும் மாட்டுங்க. மிஷின் முதுகோட ஒட்டி நிக்கிற அளவுக்கு இழுத்துக் கட்டுங்க. தரையிலிருந்து அப்படியே தூக்காதீங்க. திண்ணை மேலயோ வண்டி மேலயோ வச்சு, முதுகைக் காட்டி மாட்டிக்குங்க. ஒல்லியா இருக்கிறவங்க பாதி டேங்க் நிரப்பினா போதும். ரெண்டு நடை கூட நடக்கணும், அவ்வளவுதானே.

முக்கியமானது இடுப்புப் பட்டை. அது இருந்தா பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். எனக்குக் கொடுத்த மிஷின்ல அது கிடையாது. கேட்டதுக்கு, "மருந்தடிக்க வந்தியா, ஃபேஷன் ஷோவுக்கு வந்தியா"ன்னார் கான்ட்ராக்டர். பழைய புடவையைக் கிழிச்சு நானே முடிச்சுப் போட்டுக் கட்டிக்கிட்டேன். ஒரு நாள் மூடியில வாஷர் போய், பிளீச்சிங் தண்ணி முதுகு முழுக்க இறங்கிடுச்சு. நனைஞ்ச முடிச்சு அவிழவே இல்ல. பக்கத்து வீட்டு அக்கா அரிவாள்மனையில அறுத்து விட்டாங்க. அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. ஒரே அமுக்குல கழர்ற கிளிப் உள்ள பட்டைதான் வேணும்னு நான் கேக்கிறது அதனாலதான்.

அதனால முதல்ல வெறும் தண்ணி ஊத்தி, குனிஞ்சு நிமிர்ந்து ஒழுகுதான்னு பாருங்க. மேல பட்டுட்டா சட்டையைக் கழட்டி, பதினஞ்சு நிமிஷமாவது நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். வெக்கப்பட்டுக்கிட்டு நிக்காதீங்க. குழுவுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி கூடவே வரணும்.

பிளீச்சிங் பவுடரை நேரா டேங்க்ல கொட்டாதீங்க. வாளியில கரைச்சு, தெளிய விட்டு, துணியில வடிகட்டி ஊத்துங்க. இல்லன்னா நாசில் அடைக்கும். அடைச்சா வாய் வச்சு ஊதவே கூடாது, பழைய டூத் பிரஷ் போதும். பாத்ரூம் கழுவுற ஆசிட்டோட பிளீச்சிங் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைச்சிடும். நம்ம துணி மாஸ்க் அதைத் தடுக்காது. காத்து முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்னு அடிங்க. ஆள் மேல யாருக்கும் அடிக்காதீங்க. 2020லயே உலக சுகாதார அமைப்பு அது கூடாதுன்னு சொல்லிடுச்சு.

தலைவர்கள்கிட்ட ஒண்ணு கேக்கிறேன். இந்தத் தம்பிங்க நாலு நாள் அடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நாங்க வருஷம் பூரா சுமக்கிறோம். மிஷின் வாங்கித் தரும்போது இடுப்புப் பட்டை இருக்கான்னு பார்த்து வாங்குங்க. ஆம்பளை அளவுல மட்டும் வாங்காதீங்க, சுமக்கிறதுல பாதிப் பேரு பொம்பளைங்க.

மிஷின் ரெண்டு இங்கேயே வச்சிருக்கேன், தண்ணியும் ரொப்பியாச்சு. ஒவ்வொருத்தரா வந்து மாட்டிப் பாருங்க. தலைவரே, முதல்ல நீங்க வாங்க.