பழைய வண்டியில் புதிய ஆசனம்

பழைய மோட்டார் வண்டியொன்றை வைத்திருப்பவர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே கவலைகொள்வார். ஆயின், அவ்வண்டியிலே நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அமர்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பைப் பற்றிக் கவலைகொள்வோர் மிகச் சிலரே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த முதுகெலும்பைச் சார்ந்ததாகும். பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும், மேலும் கீழும் நகரும் மின் ஆசனத்தைப் பழைய பிக்கப் வண்டியிலே பொருத்தலாமா, பொருத்துவதாயின் எவ்வாறு பொருத்துவது என்பதே அப்பொருள்.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழ்வோர்க்கு இது விநோதமான கேள்வியாகத் தோன்றாது. பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலங்கையிடம் கையளித்தது. அதற்கு முன்னரே கப்பற்பட்டறை வேலை எங்கள் ஊரில் இரும்பறிந்த கைகள் பலவற்றைப் பழக்கிவிட்டிருந்தது. துறைமுகத்தில் மீனேற்றிக் கந்தளாய்க்கும் அப்பாலும் கொண்டுசெல்பவர்க்கு வண்டி என்பது அலங்காரப் பொருளன்று. அதுவே அவர் குடும்பத்தின் சோறு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட அந்த ஐந்தாண்டுக் காலத்திலே, இருக்கும் வண்டியைச் செப்பனிட்டு ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

எடுத்துக்காட்டாக, இந்நாட்டவர் நன்கறிந்த மொரிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அக்கார் 1948ஆம் ஆண்டில் இலண்டன் காட்சியில் அறிமுகமாயிற்று. அதன் பிக்கப் வடிவம் 1953ஆம் ஆண்டு தொடக்கம் வெளிவந்தது. காரைப் போலன்றி, பிக்கப்பிற்குத் தனியான சட்டகம் உண்டு. தொடக்கத்தில் அது சுமக்க வகுக்கப்பட்ட பாரம் ஐந்து அந்தர், அதாவது ஏறத்தாழ 250 கிலோ. சாரதி அமர்வதற்கோ சிறியதொரு கூடு. முதுகுக்குப் பின்னே இரும்புச் சுவர். ஆசனமென்பது மெல்லிய குழாய்ச் சட்டத்தின்மேல் வைத்த மெத்தை. இருபது வயது இளைஞனுக்கு அது போதும். அறுபது வயதில் முழங்கால் நோவுடன் கிளச்சை மிதிப்பவர்க்கு அது போதாது.

மின் ஆசனமும் நேற்றுப் பிறந்த பொருளன்று. அமெரிக்காவில் 1955ஆம் ஆண்டில் வந்த போர்ட் தண்டர்பேர்ட் காரிலேயே நான்கு திசையிலும் நகரும் ஆசனத்தை வாங்குவோர் பெறக்கூடியதாயிருந்தது. ஆசனத்தின் கீழே சிறு மோட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் திருகாணித் தண்டொன்றைச் சுழற்றுகிறது. தண்டு சுழல ஆசனம் நகர்கிறது. மோட்டருக்குச் செல்லும் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் அது எதிர்ப்புறம் சுழலும். பொத்தான் செய்யும் வேலை இவ்வளவே. ஜப்பானிலிருந்து வந்த கார்களிலிருந்து கழற்றிய இத்தகைய ஆசனங்களைக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடிப் பெறலாம்.

கடையில் ஆசனத்தின் தோலுறையைக் கண்டு மயங்குதல் கூடாது. முதலில் அளவுகோலை எடுத்துச் செல்லவேண்டும். கதவுக்கும் நடுமேட்டுக்கும் இடையிலான அகலம், பின்சுவரிலிருந்து சுக்கான் வளையம் வரையுள்ள நீளம், தளத்திலிருந்து கூரைவரை உள்ள உயரம் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். புதிய ஆசனம் மோட்டரையும் தண்டவாளத்தையும் தன் அடியிலேயே சுமப்பதால் பழையதைவிட உயரமானது. அதன் கீழே மேலும் ஓர் இரும்புத் தாங்கியை வைத்தால் சாரதியின் தலை கூரையிலும், தொடை சுக்கான் வளையத்திலும் முட்டும். வளையத்தைத் திருப்பும்போது தொடை தடுக்குமாயின் அவ்வாசனம் எத்துணைச் சொகுசாயினும் ஆகாது.

இரண்டாவது, உறுதி. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் வண்டி மோதும் கணத்தில், புவியீர்ப்பின் இருபது மடங்கு வேகத்தளர்வுக்கு உட்படுவாராயின், அவர் உடல் 1,400 கிலோ பாரத்தைப் போன்று முன்னே பாயும். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஆசனம் தானும் 500 கிலோ பாரமாகும். இவ்வளவையும் தாங்குவது நான்கு ஆணிகள். துருப்பிடித்த மெல்லிய தகட்டிலே துளையிட்டு ஆணியை முடுக்கினால், அந்த ஆணி தகட்டையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆதலால் தளத்தின் துருவை முற்றாக வெட்டியெறிந்து நல்ல தகடு வைத்து ஒட்டியபின், ஒவ்வோர் ஆணிக்கும் அடியில் உள்ளங்கையளவு தடித்த இரும்புத் தகடு வைத்தல் வேண்டும். கூடுமாயின் ஆணிகள் குறுக்குச் சட்டத்தையே பற்றவேண்டும்.

ஆசனப்பட்டியைப் பற்றி இங்கே ஒரு சொல். இந்நாட்டில் முன்னாசனத்தில் அமர்வோர்க்கு அது 2011ஆம் ஆண்டு சட்டக் கடமையாயிற்று. புதிய ஆசனங்கள் பலவற்றில் பட்டியின் பூட்டு ஆசனச் சட்டத்திலேயே இணைந்திருக்கும். அப்படியாயின் பட்டி ஏற்கும் பாரத்தில் ஒரு பங்கும் அதே நான்கு ஆணிகளின் மேல் வந்து விழும் என்பதை மறத்தல் ஆகாது. பட்டியின் ஏனைய முனைகளும் வண்டியின் உறுதியான பாகத்திலேயே பொருந்தவேண்டும்.

மொரிஸ் மைனரைப் பொறுத்தவரை வேறோர் எச்சரிக்கையும் உண்டு. அதன் பிரேக்கின் தலைமைச் சிலிண்டர் சாரதியின் பாதத்திற்கு அண்மையில், தளத்தின் அடியில் இருக்கின்றது. பிரேக் எண்ணெய் ஊற்றுவதற்குத் தளத்திலே சிறு மூடி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. புதிய தாங்கி அம்மூடியை மறைக்கக் கூடாது. துளையிடும் கருவி கீழே செல்லும் பிரேக் குழாயைத் தீண்டவும் கூடாது. துளையிடுமுன் வண்டியின் கீழே படுத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல மேசனுக்கு அழகு.

மூன்றாவது, மின்சாரம். இவ்வண்டியின் பழைய டைனமோ தரவல்லது ஏறத்தாழ 20 அம்பியர் மாத்திரமே; எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அதுவும் இல்லை. ஆசன மோட்டர் தடையின்றி நகரும்போது சில அம்பியர்களையே எடுக்கும். கடைசி எல்லையில் முட்டி நிற்கும்போதோ அதனினும் பன்மடங்கு எடுக்கும். ஆகவே பழைய வயர்களில் இதனை இணைத்தல் தீயை அழைப்பதாகும். பற்றரியிலிருந்தே தடித்த வயரொன்றைத் தனியே கொணர்ந்து, பற்றரிக்கு அருகிலேயே தக்க பியூஸ் வைத்தல் வேண்டும். சாவியைத் திருப்பினாலன்றி ஆசனம் அசையாதவாறு ரிலே ஒன்றைப் பொருத்துதலும் நன்று. நின்ற வண்டியில் குழந்தைகள் பொத்தானோடு விளையாடி விரலை நசுக்கிக்கொள்ளாதிருக்க இது உதவும்.

மேலும், மொரிஸ் வண்டியில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்துள்ளது; இக்காலக் கார்களிலோ எதிர்முனை இணைந்துள்ளது. வெறும் மோட்டரும் பொத்தானும் மாத்திரம் உள்ள ஆசனத்திற்கு இதனால் கேடில்லை. முன்னே செல்லவேண்டியது பின்னே சென்றால், மோட்டரின் இரு வயர்களையும் இடம் மாற்றிவிட்டால் போதும். ஆயின், அமர்ந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் இலத்திரனியல் பெட்டி உள்ள ஆசனமாயின் அது அக்கணமே கெட்டுவிடும். அத்தகையதை வாங்காதிருப்பதே அறிவு. சூடேற்றும் ஆசனத்திற்கு மேலதிகப் பணம் கேட்பாராயின், திருகோணமலை வெயில் அதனை இலவசமாகவே தருகின்றது என்று சொல்லிவிடலாம்.

நான்காவது, உயிரைப் பற்றியது. சில ஆசனங்களின் பக்கவாட்டில் காற்றுப்பை மறைந்திருக்கும். எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துச் சீட்டும், பெரும்பாலும் மஞ்சள் நிற இணைப்பும் அதற்கு அடையாளம். அது வெடிமருந்தினால் விரிவது. அதன் வயரில் சோதனைக் கருவியை வைத்துப் பார்ப்பது, வெடியின் திரியில் நெருப்பை வைத்துப் பார்ப்பதைப் போன்றது. காற்றுப்பை இல்லாத ஆசனத்தையே தேர்ந்தெடுங்கள்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இன்னுமொரு பகைவன் உண்டு, அதுதான் உப்பு. கடற்காற்றும், மீன்பெட்டியிலிருந்து உருகி வழியும் நீரும் சேர்ந்து இரும்பை உண்ணும். துருப்பிடித்த தளத்தின் வழியே மின்னோட்டம் திரும்பும் என நம்பாது, திரும்பும் வழிக்கும் தனி வயர் இடவேண்டும். இணைப்புகளைத் தளத்தில் கிடக்க விடாது உயர்த்திக் கட்டி, அவற்றுக்குக் கிரீஸ் பூசவேண்டும். ஆண்டுக்கொருமுறை ஆணிகளைச் சோதித்தல் வேண்டும்.

இத்துணைப் பாடும் அவசியமா என நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஒருவர் மாத்திரம் ஓட்டும் வண்டியாயின், கையால் நகர்த்தும் நல்ல ஆசனமே போதுமானது. அது எடை குறைந்தது, மின்சாரம் வேண்டாதது, மோட்டர் கெட்டு நடுவழியில் பிடித்துக்கொள்ளும் அச்சமும் இல்லாதது. தகப்பனும் மகனும் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கும், இடுப்பிலோ முழங்காலிலோ நோவுள்ளவர்க்கும் மின் ஆசனம் உண்மையான உதவி. இயன்றவரை பழைய துளைகளையே பயன்படுத்தி, கழற்றிய பழைய ஆசனத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டால், நாளை வண்டியை அதன் முன்னைய கோலத்திற்கே மீட்கலாம். வேலையைத் தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் விசாரித்துக்கொள்ளுதல் பின்வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

பழைய வண்டியைப் பேணுவது நல்ல காரியம். எனினும் இரும்பு தேய்ந்தால் ஒட்டலாம், எஞ்சின் தேய்ந்தால் மாற்றலாம். ஓட்டுகின்றவரின் முதுகுக்குப் பஞ்சிகாவத்தையிலும் மாற்றுப்பாகம் கிடையாது. ஆகவே செப்பனிடும் கணக்கை எழுதும்போது அதனையும் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.